‘சற்று’ என்று எழுதும் முன்: மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் தோழர்களுக்கு,

நாவல் மொழிபெயர்ப்பவர்கள், திரைப்படத்துக்கு சப்டைட்டில் எழுதுபவர்கள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளைத் தமிழாக்குபவர்கள் என்று எல்லோரையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் உங்கள் பிரதிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து மெய்ப்புப் பார்ப்பவன். பெரிய சொற்களில் நீங்கள் தடுக்கி விழுவதில்லை. அகராதியைப் புரட்டுகிறீர்கள், தெரிந்தவர்களைக் கேட்கிறீர்கள், இரண்டு நாள் கழித்து ஒரு நல்ல சொல்லோடு வந்து நிற்கிறீர்கள். நீங்கள் விழுவதெல்லாம் யாரும் அகராதியில் தேடாத சொற்களில். எ பிட், எ லிட்டில், குவைட், ராதர், ஃபேர்லி, ஸ்லைட்லி. இத்தனைக்கும் உங்களிடம் இருப்பது ஒரே மருந்து: ‘சற்று’. அது தீர்ந்துபோனால் ‘சிறிது’.

உங்களைச் சொல்லும் முன் என்னைச் சொல்லிவிடுகிறேன். வெகுகாலம் முன்பு ஒரு சிறுபத்திரிகைக்காக ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கினேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இறந்துபோகிறார். சவ அடக்கத்துக்கு ‘ஃபியூ’ வந்தார்கள் என்று மூலத்தில் இருந்தது. நான் ‘சிலர் வந்தார்கள்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இதழ் வந்த பிறகு ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருந்தார். ‘சிலர்தான் வந்துவிட்டார்களே, அப்புறம் ஏன் அந்த ஆசிரியர் வீட்டு அம்மாள் அப்படி அழுகிறாள்?’ அட்டையில் இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

ஒரே ஓர் எழுத்தில் கதை கவிழ்ந்திருந்தது. ‘எ ஃபியூ’ வந்திருந்தால் ‘சிலர்’ சரி. மூலத்தில் அந்த ‘எ’ இல்லை. வந்தவர்கள் ஐந்து பேர் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஐந்தைச் சுழியத்திலிருந்து மேல்நோக்கிப் பார்த்தால் ‘எ ஃபியூ’: பரவாயில்லை, ஐந்து பேராவது வந்தார்களே. வரவேண்டியவர்களின் கூட்டத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தால் ‘ஃபியூ’: ஊருக்கே எழுத்தறிவித்தவருக்கு இவ்வளவுதானா. எண்ணிக்கை மாறவில்லை, பார்ப்பவன் நிற்கும் இடம் மாறுகிறது. ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ ஜோடியும் அப்படியே. மருத்துவர் ‘எ லிட்டில் ஹோப்’ என்றால் வீட்டுக்குப் போன் போட்டு ‘கொஞ்சம் நம்பிக்கை இருக்குன்னு சொல்றார்’ என்போம். ‘லிட்டில் ஹோப்’ என்றால் போனை எடுக்கவே கை வராது.

இதில் நம்மை ஏமாற்றுவது தமிழின் குறை கிடையாது. தமிழில் இதே வேலையைச் செய்வதற்கு வேறு கருவி இருக்கிறது, அதை எடுக்க மறந்துவிடுகிறோம். ஆங்கிலம் சொல்லுக்கு முன்னால் ஓர் ‘எ’யை வைத்தோ எடுத்தோ செய்வதை நாம் சொல்லின் வாலில் செய்கிறோம். ‘குடத்தில் கொஞ்சம் தண்ணி இருக்கு’ என்றால் சமாளித்துக்கொள்ளலாம். ‘கொஞ்சம்தான் தண்ணி இருக்கு’ என்றால் லாரிக்குச் சொல்லியாக வேண்டும். தான், ஏ, உம், கூட, ஆவது ஆகியவைதான் நம் தராசின் படிக்கற்கள். நான் ‘சிலரே வந்தார்கள்’ என்று ஓர் ஏகாரம் போட்டிருந்தாலே பாதி காப்பாற்றியிருப்பேன். ‘யாரும் அவ்வளவாக வரவில்லை’ என்று எழுதியிருந்தால் முழுதும்.

சப்டைட்டில் எழுதுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ‘லிட்டில் டிட் ஐ நோ’ என்று கதாநாயகன் சொல்லும்போது கீழே ‘எனக்குச் சிறிதளவே தெரிந்திருந்தது’ என்று ஓடுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. இப்படி ‘லிட்டில்’ தலைகீழாக முன்னால் வந்து நிற்கும்போது அதற்குக் ‘கொஞ்சம்’ என்ற பொருளே கிடையாது, முழு மறுப்பு அது. ‘அப்போது எனக்கு எங்கே தெரியும்’ என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அதுதான் இது. இன்னொரு பக்கம் ‘குவைட் எ ஃபியூ’. குவைட்டும் ஃபியூவும் தனித்தனியே தெரிந்தவர் ‘மிகச் சிலர்’ என்று எழுதிவிடுவார். அது நிறையப் பேர். ‘குவைட் எ பிட்’ என்றால் ஏராளம். சின்னச் சொற்களைக் கூட்டிப் பெருந்தொகை காட்டும் இந்தக் கணக்கு எந்த வாய்ப்பாட்டிலும் வராது.

இந்தச் சொற்களை ஆங்கிலேயர்களைவிட வெளியாட்கள் அதிகம் கவனித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதல். இவற்றைப் பற்றி 1901இல் தனி நூல் போட்டவர் ஸ்டோஃபல் என்ற டச்சுக்காரர். அழுத்தும் சொற்கள், தணிக்கும் சொற்கள் என்று அவர் நூலின் தலைப்பிலேயே பிரித்துக் காட்டினார். 1997இல் பிரிட்டிஷ் பேச்சு ஆங்கிலத்தில் பெயரடைகளுக்கு முன் வரும் அளவுச் சொற்களை ஆராய்ந்து நூல் எழுதிய கரீட்டா பாரடிஸ் ஸ்வீடன்காரர். நடுவில் 1972இல் டுவைட் போலிஞ்சர் என்ற அமெரிக்கர் ‘டிகிரி வேர்ட்ஸ்’ என்றே ஒரு புத்தகம் எழுதினார். 1985இல் ராண்டால்ஃப் குவர்க்கும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து எழுதிய தடித்த ஆங்கில இலக்கணம் தணிக்கும் சொற்களை நான்காக வகுக்கிறது. எல்லையைத் தொடாமல் பக்கத்தில் நிற்பவை ஒரு வகை, ஆல்மோஸ்ட் போல. பாதி விட்டுக்கொடுப்பவை இன்னொன்று, ராதர், சார்ட் ஆஃப் போல. குறைத்துக் காட்டுபவை எ பிட், ஸ்லைட்லி. அடிமட்டம் வரை இறக்குபவை ஹார்ட்லி, பேர்லி. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டேன். நான்கு வகைக்கும் ‘சற்று’ போட முடியாது என்பது மட்டும் மனத்தில் தங்கினால் போதும்.

இவற்றின் பூர்வீகம் சுவையானது. ‘பிட்’ என்பது கடித்தெடுத்த துண்டு. பைட், பிட் இரண்டும் ஒரே வேர். ‘எ பிட் டயர்ட்’ என்பவன் ஒரு கடி அளவுக்குக் களைத்திருக்கிறான். ஜெர்மன்காரன் ‘பிஸ்ஷென்’ என்பதும் சின்னக் கடிதான். நமக்கு இந்தச் சொல் புதிதும் இல்லை. தெருவில் கையில் திணிக்கிற பிட் நோட்டீசும், தேர்வறையில் சட்டைக் கைக்குள் ஒளிகிற பிட்டும் இதே துண்டுதான். ‘ப்ரிட்டி’ முதலில் தந்திரக்காரன் என்ற பொருளில் இருந்தது. பிறகு அழகானாள், பிறகு ‘ஓரளவு’ ஆனாள். ‘ராதர்’ என்பது ‘சீக்கிரமாக’ என்ற பழஞ்சொல்லின் ஒப்பீட்டு வடிவம், அதாவது ‘இன்னும் சீக்கிரமாக’. சீக்கிரமாகச் செய்ய விரும்புவது அதிகம் விரும்புவதாயிற்று, அங்கிருந்து ‘கொஞ்சம் கூடுதலாக’ என்று வந்து சேர்ந்தது. ‘சார்ட் ஆஃப்’, ‘கைண்ட் ஆஃப்’ இரண்டும் வகையைக் குறித்த பெயர்ச்சொற்கள். வகையிலிருந்து அளவுக்கு எப்படி வந்தன என்று திகைக்க வேண்டாம். ‘மாதிரி’ நம்மிடம் அதே பாதையில்தானே நடந்தது? ‘உடம்பு ஒரு மாதிரியா இருக்கு’ என்பவனிடம் எந்த மாதிரி என்று யாரும் கேட்பதில்லை. சோர்வான முகத்தோடு ஒரு பாத்திரம் ‘ஐ ஃபீல் கைண்ட் ஆஃப் ஆட்’ என்றால் ‘நான் ஒரு வகையில் விசித்திரமாக உணர்கிறேன்’ என்று எழுதி எங்கள் கண்ணைக் கெடுக்காதீர்கள். ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பதற்குமேல் ஓரெழுத்தும் தேவையில்லை.

‘ஸ்லைட்’ என்பதற்கு முதல் பொருள் வழவழப்பு, சமதளம். இன்று அது ‘லேசான’. ஆனால் கடல்காரர்களிடம் போனால் இந்தச் சொல்லுக்கு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். உலக வானிலை அமைப்பின் கணக்கில் அலை அரை மீட்டரிலிருந்து 1.25 மீட்டர் வரை உயர்ந்தால் கடல் ‘ஸ்லைட்’. 1.25 மீட்டர் அலை என் மார்புவரை வரும். கடல் அறிவிப்பைத் தமிழாக்குபவர் யாராவது இதைப் படித்தால், ‘லேசான அலை’ என்று எழுதும் கையோடு மீட்டரையும் எழுதிவிடுங்கள்.

இனி, என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். எல்லாப் பெயரடையோடும் எல்லாச் சிறுசொல்லும் ஒட்டாது. ஏன் என்பதற்கு 2005இல் கிறிஸ்டோபர் கென்னடி, லூயிஸ் மெக்நேலி என்ற இரு மொழியியலாளர்கள் ஒரு கட்டுரையில் விடை சொன்னார்கள். எளிதாகச் சொன்னால் இது: பண்புகளுக்கு அளவுகோல் உண்டு, சில கோல்களுக்கு முனை உண்டு, சிலவற்றுக்கு இல்லை. மொட்டைமாடிக் கொடியில் துணி காய்கிறது. ‘காஞ்சிடுச்சா?’ என்று கீழிருந்து கேட்கிறார்கள். ‘கிட்டத்தட்ட காஞ்சிடுச்சு, லேசா ஈரம் இருக்கு’ என்கிறீர்கள். இந்த ஒரு வாக்கியத்தில் அவர்கள் கட்டுரையில் பாதி இருக்கிறது. ஈரம் என்பது சுழியத்திலிருந்து தொடங்குகிறது, ஒரு துளி இருந்தாலும் ஈரம்தான். அதனால் ‘லேசா’ ஒட்டுகிறது. காய்வது முடிவுக்கு வருகிற செயல். ஈரம் முழுக்கப் போனால்தான் காய்ந்ததாகும். அதனால் ‘கிட்டத்தட்ட’ ஒட்டுகிறது. இப்போது மாற்றிப் பாருங்கள்: ‘லேசா காய்ந்த துணி’, ‘கிட்டத்தட்ட ஈரம்’. காது கூசுகிறது. ஆங்கிலத்திலும் ‘ஸ்லைட்லி டர்ட்டி’ உண்டு, ‘ஸ்லைட்லி கிளீன்’ இடறும். ‘ஆல்மோஸ்ட் கிளீன்’ உண்டு, ‘ஆல்மோஸ்ட் டர்ட்டி’ இடறும். வளைந்த கம்பி லேசாக வளையலாம், நேரான கம்பி லேசாக நேராக முடியாது.

இரு முனையும் இல்லாத கோல்கள் உயரம், நீளம், விலை போன்றவை. அங்கே ‘எ பிட்’ போய் ஒட்டும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. ‘தி ஷர்ட் இஸ் எ பிட் லாங்’ என்றால் சட்டை சிறிதளவு நீளமானது என்று பொருளல்ல. வேண்டியதைவிட நீளம், வெட்டித் தைக்க வேண்டும் என்று பொருள். எழுதாத ஒரு ‘டூ’ அங்கே ஒளிந்திருக்கிறது. தமிழிலும் அப்படியே. தையற்காரரிடம் ‘கை கொஞ்சம் நீளம்’ என்றால் அவர் கத்தரியை எடுக்கிறார். அதனால்தான் ‘எ பிட்’ குறைகளோடு கொஞ்சிக் குலாவுகிறது. ‘எ பிட் போரிங்’ என்று தினமும் சொல்வார்கள். ‘எ பிட் இன்ட்ரஸ்டிங்’ என்று யாராவது சொன்னால் ஏதோ உள்குத்து என்று கேட்பவர் நினைப்பார். ஃபேர்லியும் ராதரும்கூட இப்படிக் கட்சி பிரிந்தவை. ஒரே காபி, ஒரே சூடு. குடிக்க இதமாக இருந்தால் ‘ஃபேர்லி ஹாட்’, நாக்கைச் சுட்டால் ‘ராதர் ஹாட்’. முதலாவதுக்கு ‘நல்ல சூடு’ என்று எழுதலாம். இரண்டாவதுக்கு ‘சூடு கொஞ்சம் ஜாஸ்தி’. இரண்டுக்கும் ‘ஓரளவு சூடாக இருந்தது’ என்று எழுதினால் அந்தக் காபியை ஆசிரியரும் குடிக்கவில்லை, நீங்களும் குடிக்கவில்லை.

‘குவைட்’ பற்றிப் பேசினால் இந்த மடல் நாளைக்கும் முடியாது. ஒன்று மட்டும். எல்லை உள்ள சொல்லோடு அது வந்தால் ‘முழுக்க’: ‘குவைட் இம்பாசிபிள்’ என்றால் நடக்கவே நடக்காது. எல்லை இல்லாத சொல்லோடு வந்தால் ஊரைப் பொறுத்தது. லண்டன்காரர் உங்கள் கதையை ‘குவைட் குட்’ என்றால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்கிறார். நியூயார்க்காரர் அதையே சொன்னால் மெய்யாகவே பாராட்டுகிறார். எழுதியவர் எந்தக் கரை என்று பார்க்காமல் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். லண்டன் ‘குவைட் குட்’டுக்கு என் கைவசம் உள்ள தமிழ் ‘நல்லாத்தான் இருக்கு’. அந்தத் ‘தான்’ வந்ததுமே பின்னால் ஓர் ‘ஆனா’ வரும் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

எதிர்மறையில் இன்னொரு பொறி இருக்கிறது, அதில் மட்டும் தமிழ் உங்கள் கையைப் பிடித்து அழைத்துப் போகும். ‘நாட் எ பிட் டயர்ட்’ என்றால் களைப்பே இல்லை. ‘நாட் எ லிட்டில் டயர்ட்’ என்றால் மிகவும் களைப்பு. எ பிட், எ லிட்டில் இரண்டும் ஒரே பொருள் என்று பள்ளியில் படித்தவர்கள் இங்கே பிரிந்துபோகிறார்கள். நம்மிடம் ‘கொஞ்சம்கூட இல்லை’ உண்டு, ‘கொஞ்சநஞ்சமல்ல’ உண்டு. ‘அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல’ என்று பாட்டிமார் சொல்லும்போது அவர்கள் ‘நாட் எ லிட்டில்’ என்றுதான் சொல்கிறார்கள். மறுப்பில் மட்டுமே உயிர்வாழும் சொற்களும் இரு பக்கமும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஜாட், விட், அயோட்டா. நம்மிடம் எள்ளளவும், துளியும், இம்மியும். ‘இம்மியும் பிசகவில்லை’ என்போம், ‘இம்மி பிசகியது’ என்று யாரும் சொல்வதில்லை. ஜாட் என்பது அயோட்டா என்ற மிகச்சிறிய கிரேக்க எழுத்திலிருந்து வந்தது. இம்மி நம் பழைய கீழ்வாய் எண்களில் மிக நுண்ணிய ஒரு பின்னம். எழுத்தையும் எண்ணையும் இரண்டு மொழிகளும் கடைசியில் ‘இல்லை’ என்று சொல்லத்தான் வைத்துக்கொண்டிருக்கின்றன.

மரியாதைக்கு வரும் ‘கொஞ்சம்’ தனிக் கதை. ‘கொஞ்சம் வாங்க’ என்பதில் அளவே இல்லை, அது ‘தயவுசெய்து’வின் இடத்தில் நிற்கிறது. தஞ்சைப் பக்கம் ‘செத்த இரு’ என்பார்கள். ரயிலில் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்று வருபவர் கொஞ்சம் இடத்தோடு நிறுத்திக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்திலும் ‘குட் யூ மூவ் எ பிட்’ உண்டு. அளவைக் குறைத்துக் கேட்டால் கேட்பதே சிறிதாகிவிடும் என்ற நப்பாசை மனிதனுக்குப் பொது.

ஆனால் வேண்டுகோளில் அழகாக இருப்பது ஆபத்தில் வேறு முகம் காட்டும். 1982 ஜூன் 24, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் பறந்துகொண்டிருந்தது. ஜாவா அருகே எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்து நான்கு என்ஜின்களும் நின்றுபோயின. கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம், நமக்கு ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு என்ஜின்களும் நின்றுவிட்டன என்று அறிவித்தார். பிறகு என்ஜின்கள் உயிர் பெற்று ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள். இதைத் தமிழாக்குவதில் சிரமமே இல்லை. ‘ஒரு சின்னப் பிரச்சினை’ என்று போனில் யாராவது தொடங்கினாலே நமக்கும் வயிறு கலங்குகிறதே.

எனக்குச் சிரமம் கொடுப்பது வேறொரு வாக்கியம். 1951 ஏப்ரல், கொரியா. இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் 29ஆவது பிரிகேடு. அதன் குளோஸ்டர்ஷயர் படையணியை எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிய சீனப் படை சூழ்ந்துகொண்டது. பிரிகேடியர் டாம் பிரோடியிடம் அவருக்கு மேலிருந்த அமெரிக்கத் தளபதி நிலைமை எப்படி என்று கேட்டார். ‘எ பிட் ஸ்டிக்கி, சார்’ என்றாராம் பிரோடி. பரவலாகச் சொல்லப்படும் கதை இது. பிரிட்டிஷ் ராணுவ வழக்கில் இதற்கு அர்த்தம், செத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்கர் காதில் விழுந்தது, கஷ்டம்தான், சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நாள் சண்டையில் அந்தப் படையணியில் பெரும்பாலோர் இறந்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். ஒரு ‘எ பிட்’டால்தான் இது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். எதிரே வந்த கூட்டத்துக்கு எந்தச் சொல்லும் அணை போட்டிருக்காது. ஆனால் இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதுபவர், ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு கையெழுத்துப் பிரதியில் ‘சற்றுப் பிசுபிசுப்பாக உள்ளது, ஐயா’ என்று இதைப் பார்த்தேன். நீங்கள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சிவப்பு மையில் அடித்துவிட்டு எதை எழுதுவது என்று தெரியாமல் நானும் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். ‘கொஞ்சம் சிக்கல்’ எழுதிப் பார்த்தேன். அது வருவாய் அலுவலகத்தில் பட்டா மாற்றுகிற தொனி. ‘கொஞ்சம் இக்கட்டு’ என்றால் அமெரிக்கர் உடனே படை அனுப்பியிருப்பார். பிறகுதான் ‘இழுபறி’ ஞாபகம் வந்தது. தேர்தல் செய்தியில் இழுபறி என்றால் எந்தப் பக்கமும் சாயலாம், பொறுத்திருந்து பார்க்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ‘உயிர் இழுபறியா இருக்கு’ என்றால் அந்தக் காலத்தில் ஊருக்குத் தந்தி அடிக்கச் சொன்னார்கள்.

‘கொஞ்சம் இழுபறிதான், சார்’ என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அந்தத் ‘தான்’ உறுத்தியது. அது இருந்தால் பிரோடியின் கவலை தெரிந்துவிடும், அமெரிக்கர் தவறாகக் கேட்டிருக்க முடியாது. அடித்தேன். இப்போது ‘கொஞ்சம் இழுபறி, சார்’ என்று நிற்கிறது. அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. உங்களில் யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் ஓர் அஞ்சலட்டை போடுங்கள்.

அன்புடன்,
மெய்ப்புத் திருத்துபவன்